நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே தப்பு

செங்கல்பட்டு,
14-9-2025, ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஜெகதீசன் அவர்களுக்கு, தங்கை பிரபா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும், அவரும், கவியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அணுபுரத்தில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருந்தால் சந்தோஷம். குறையாவிட்டால் மாடிப்படி ஏறுவதை அவர்கள் நிறுத்த வேண்டும், அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற அண்ணனுக்குத் தங்கை ஏன் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டு, வைத்ததும் உங்கள் இஷ்டப்படியே செய்வீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அதையே செய்வீர்கள். முப்பது வருடமாக அணுமின் பிளான்ட்டில் லாக் புக் எழுதுகிற நீங்கள், காகிதத்தில் மையால் எழுதித் தேதி போட்ட விஷயத்தை மட்டும்தான் மதிப்பீர்கள். ஆகவே மேலே தேதி போட்டிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போடுவேன். விஷயம் இதுதான்: இன்று முதல் கவியாவின் பிசிக்ஸ் வீட்டுப்பாடத்தைத் தாங்கள் போட்டு அனுப்பக் கூடாது. ஒரு கணக்கு கூட, ஒரு வரி கூட.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கவியாவுக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதது நீங்கள். அவள் சடங்குக்கு பேண்டு வாத்தியத்தோடு இருபத்தோரு தட்டு கொண்டுவந்து எங்கள் தெருவையே அடைத்தது நீங்கள். தாய்மாமன் முறையை இவ்வளவு நிறைவாகச் செய்தவரை நான் வேறு பார்த்ததில்லை. ஆனால் அந்த முறைப் பட்டியலில் வீட்டுப்பாடத்தை யார் சேர்த்தது? ஜூலையில் அவள் முதல் வாரக் கணக்கோடு உங்களுக்குப் போன் செய்தபோது, "எம் மருமவளுக்கு நான் செய்யாம வேற எவன் செய்வான்? போட்டோ புடிச்சி அனுப்பு, நீ போயி சாப்டு" என்று சொன்னீர்களாம். சீர் கொண்டுவரும் மாமனிடம் வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்வாள்? அவளும் சாப்பிடப் போய்விட்டாள். இரண்டு மாதம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் கல்லூரிக்குப் புதிதாக ஏசுதாஸ் என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் வந்திருக்கிறார். மற்றவர்கள் நோட்ஸ் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதுவார்கள், அதையே பரீட்சையில் திருப்பிக் கொடுப்பார்கள். இவர் திங்கள்கிழமை ஆறு கணக்கு கொடுத்து வெள்ளிக்கிழமை வாங்குகிறார். அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும் என்பது வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. உங்களுக்கு மட்டும் புரிந்தது. ஆகவே அணுபுரத்தில் நீங்கள் செய்தீர்கள், செங்கல்பட்டில் இவள் பார்த்து எழுதினாள். எழுதிவிட்டு உங்கள் தாளின் போட்டோவைத் தோழிக்கு அனுப்பினாள், தோழி வகுப்புக் குழுவில் போட்டாள், வகுப்பு பிரிண்ட் எடுக்க வந்தது. எங்கே? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கு.

ஆகஸ்ட் இருபத்தொன்று, வியாழக்கிழமை சாயங்காலம். கவியாவின் தோழி ஷாரோன் செல்போனை நீட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இத்த நாப்பத்திரண்டு காப்பி போட்டுக் குட்ங்க, அர்ஜன்ட்" என்றாள். போட்டேன். முதல் தாள் வெளியே வந்தபோது, அடடா, என்ன கையெழுத்து என்று எடுத்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடு. ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. விடைக்கு இரட்டைக் கட்டம். தாளின் அடியில் மூன்று பெட்டிகள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். முதல் இரண்டிலும் "ஜெ" என்று உங்கள் கையெழுத்து. மூன்றாவதில் அண்ணியுடையது! தயாரித்தவரே அனுமதிக்கக் கூடாது என்பது உங்கள் பிளான்ட் ஒழுங்கு என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சமையலறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினீர்களா? உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் அண்ணன் கையெழுத்து நாற்பத்திரண்டு பிரதியாக வந்து விழுகிறது என்று நின்று பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில்தான் இது கவியாவின் வீட்டுப்பாடம் என்று உறைத்தது. அதற்குள் முப்பத்தெட்டு வந்துவிட்டன. மீதி நான்கையும் எடுத்துக் கொடுத்தேன். அது என் தப்பு, அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே ஷாரோன் மூச்சு வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கி கிளாஸ்ல இன்னா ஆச்சி தெரியுமா? சார் ஒவ்வொரு பேப்பரா எட்த்துப் படிச்சிகினே கீறாரு, மூஞ்சில ஒண்ணுமே காட்டல. அப்பறம் ஜன்னலாண்ட போயி திரும்பி நின்னுக்கினாரு. தோளு மட்டும் குலுங்குது. அயுவுறாருன்னு நெனச்சோம் ஆன்ட்டி. சிரிக்கிறாரு!"

கணக்கு இது. கலங்கரை விளக்கின் உயரம் நாற்பது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரு கல்லை விட்டால் தரைக்கு வர எவ்வளவு நேரம்? நீங்கள் 2.86 விநாடி என்று அழகாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதோடு விடவில்லை. பிளான்ட்டில் எந்தக் குழாயையும் எந்தச் சங்கிலியையும் கணக்குக்கு ஒன்றரை மடங்காகப் போடுகிற பழக்கத்தில், "பாதுகாப்புக் காரணி 1.5 உட்பட, 4.29 விநாடி" என்று இரட்டைக் கட்டத்தில் எழுதிவிட்டீர்கள். நாற்பத்திரண்டு பேரும் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

சார் கேட்டாராம்: "ஏம்பா, உங்க நாப்பத்திரண்டு பேர் கல்லும் தரைக்கு வர ஒன்றரை விநாடி லேட்டு. நடுவுல எங்க போச்சு? டீ குடிக்க இறங்கிச்சா?"

அடுத்து, மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கிற உருண்டைப் பாறை. அது சறுக்காமல் நிற்க எவ்வளவு உராய்வு வேண்டும் என்பது கேள்வி. நீங்கள் விடையையும் போட்டு, கீழே "பரிந்துரை: பாறைக்குக் கீழ்ப்புறம் ஆட்களை அனுமதிக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை வைக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். நாற்பத்திரண்டு பேரும் சிவப்புப் பேனா தேடி எழுதியிருக்கிறார்கள். அடியில் இருந்த மூன்று பெட்டிகளையும் விடவில்லை. அண்ணியின் கையெழுத்து நாற்பத்திரண்டு விதமாக வந்திருக்கிறது.

"இந்த அனுமதி குடுத்த அம்மா யாரு? அவங்களுக்கு நான் வணக்கம் சொல்லணும்" என்றாராம் சார்.

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. "கவியா மட்டும் எயுந்து நின்னா ஆன்ட்டி. 'எங்க அத்தை சார், போட்டது எங்க மாமா. நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன்'னா. யாருமே அவளக் கேக்கல" என்றாள் ஷாரோன். சார் திட்டவில்லையாம். இதை மட்டும் சொன்னாராம்: "தப்பாப் போடறது தப்பே இல்ல. ஆளுக்கு ஒரு தப்பு வரணும், அது அவங்க சொந்தத் தப்பா இருக்கணும். நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே தப்புன்னா, இங்க ஒருத்தர் கூட உக்காந்து யோசிக்கலன்னு அர்த்தம்." பிறகு ஒரு முடிவும் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பழைய கணக்குகளின் எண்களைச் சீட்டு எழுதிப் போடுவார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். இன்டர்னல் மார்க் அதற்குத்தான். தவறினால் அரியர்.

அன்று வீட்டுக்கு வந்து கவியா ஒரு வாய் சாப்பிடவில்லை. "எனக்குப் பிசிக்ஸ் வராதும்மா. இவ்ளோ நாள் மாமா மூளைய வெச்சித்தான் ஓட்டிக்கினு இருந்தேன். மூணு வாரத்துல இன்னா பண்ண முடியும்? பி.காம்.க்கு மாறிடறேன்" என்றாள். கவியாவின் அப்பா அப்போதுதான் நாவலூர் கம்பெனி வேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "காலேஜுல இன்னாடி வூட்டுப்பாடம்? அது யூனிபார்ம் போட்ட பசங்களுக்கு. இந்தப் பேஜாரே வாணாம், பி.காம். சேந்துடு. ஒரு கல்லு கீழ வுழறதுக்கு இவ்ளோ அயுகையா?" என்றார். அப்பாவும் பெண்ணும் பி.காம். என்று முடிவே செய்துவிட்டார்கள்.

அண்ணா, இதற்கு மேல் "நீங்கள்" என்று எழுத எனக்கு வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

அவள் ஏன் பிசிக்ஸ் எடுத்தாள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்து வயதில் லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது நீ ஒரு வாளித் தண்ணீரைத் தலைக்கு மேலே சுழற்றினாய். ஒரு சொட்டு விழவில்லை. ஏன் விழவில்லை, ஏன் விழவில்லை என்று அவள் உன் பின்னாலேயே சுற்றினாள். நீ பதில் சொல்லவில்லை. வாளியை அவள் கையில் கொடுத்தாய். அவள் தலையோடு நனைந்தாள். மறுபடி சுற்றினாள், மறுபடி நனைந்தாள். ஆறாவது தடவை விழவில்லை. அன்றிலிருந்து அவள் பிசிக்ஸ்தான். அவ்வளவு நல்லதைச் செய்தவன், பதினெட்டு வயதில் வாளியை அவள் கையிலிருந்து ஏன் வாங்கிக்கொண்டாய்?

உன்னை மட்டும் சொல்லி என்ன? நான் பி.எஸ்சி. கணிதம் படித்தபோது துணைப்பாடமாகப் பிசிக்ஸ் வந்தது. அந்தக் கணக்கையெல்லாம் யார் போட்டது? டிப்ளமா முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த என் அண்ணன்தான். எழுபத்தெட்டு மார்க் வாங்கினேன். அந்தப் பட்டம் சட்டம் போட்டு ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. போன வருடம் ஒருவர் தன் பெண்ணின் பிசிக்ஸ் பாடத்தில் இருந்த ஒரு லென்ஸ் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். "மேடம், இதுல எது மேல, எது கீழ?" என்று கேட்டார். நான் பட்டத்தை ஒரு தடவை பார்த்தேன், படத்தை ஒரு தடவை பார்த்தேன், தலைகீழாகவே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் பெண்ணே வந்து, "ஆன்ட்டி, வெளிச்சம் இந்தப் பக்கமா உள்ள போவணும்" என்று விரலால் காட்டினாள். அசடு வழியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் பெண்ணுக்கு வரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பி.காம். கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டு அதில் சேர்ந்தால் சரி. பயந்து ஓடிப்போய்ச் சேரக் கூடாது.

"மூணு வாரம் முயற்சி பண்ணு. வரலன்னா நானே வந்து மாத்திக் குடுக்கறேன்" என்றேன். அவள் தன் போனை எடுத்து என் கையில் வைத்தாள். "இத நீ வெச்சிக்கோம்மா. மாமா அனுப்பிக்கினே இருப்பாரு. வந்தா என்னால பாக்காம இருக்க முடியாது" என்றாள். பதினெட்டு வயதில் போனைத் தானாகக் கொடுக்கிற பெண்ணை நீ பார்த்திருக்கிறாயா? நான் நாற்பத்தாறு வயதில் கொடுக்க மாட்டேன்.

போனில் வழி அடைத்ததும் நீ சும்மா இருந்தாயா? அடுத்த வியாழக்கிழமை கேளம்பாக்கத்தில் இவர் வேனை மடக்கி, சங்கரா மீன் என்று ஒரு பை கொடுத்து அனுப்பினாய். அண்ணன் பாசம் என்று நானும் திறந்தேன். மீனுக்கு அடியில் மடித்த காகிதம். அந்த வாரத்து ஆறு கணக்கும் (உனக்கு யார் அனுப்பினார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை) தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. கவியா ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போட்டாள். மீன் நன்றாக இருந்தது. அதற்கு நன்றி.

பிறகு ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்தாய். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சும்மா பக்கத்துல உக்காந்துகினு இருப்பேன்" என்று சத்தியம் செய்தாய். உண்மைதான், நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் சரியாக எழுதினால் உன் புருவம் மேலே போனது, தப்பாக எழுதினால் கீழே வந்தது. பத்து நிமிடத்தில் அவள் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் நெற்றியைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். உன்னைத் திருப்பி டிவி பக்கம் உட்கார வைத்தேன். திரும்பாமலே இருமினாய். கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் ஒரு இருமல், கூட்டல் என்றால் இரண்டு. கடைசியில் உன்னைத் தயிர் வாங்க அனுப்பினேன். வீட்டில் தயிர் இருந்தது. இதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

தனியாக உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. ஆகவே நானும் உட்கார்ந்தேன். கடையில் வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில், ஆகஸ்டில் அவள் பார்த்து எழுதிய அதே ஆறு கணக்கும், உன் விடைத்தாளைத் தொடாமல், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணா, எனக்கு என்ன கிடைத்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? முதல் கணக்கு, கேளம்பாக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வளைவில் திரும்புகிறது. இவ்வளவு வளைவு, தரையில் இவ்வளவு உராய்வு, சறுக்காமல் திரும்ப அதிகபட்ச வேகம் என்ன? காலையில் ஆரம்பித்தவள் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் விடையைக் கண்டேன். மணிக்கு நூற்றுப் பதினான்கு கிலோமீட்டர். சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நூத்திப் பதினாலா?" என்று அவர் வாயில் இருந்த இட்லியோடு சிரித்தார். "அந்த வளைவுல நூத்திப் பதினாலுல திரும்பனா ஆட்டோ நேரா உங்க அண்ணாத்த வூட்டாண்ட போயி வுழும். முப்பது போலாம். மிஞ்சிப் போனா முப்பத்திரண்டு. அதுக்கு மேல போனா பின்னாடி கீறவன் கத்துவான்."

நாங்கள் இருவரும் தாளை மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். விநாடிக்கு மீட்டரை மணிக்குக் கிலோமீட்டராக மாற்ற 3.6-ஆல் பெருக்க வேண்டும். நான் இரண்டு தடவை பெருக்கியிருந்தேன். ஒரு தடவை பெருக்கினால், முப்பத்தொன்று புள்ளி ஏழு! கவியா கத்தியே விட்டாள். "அப்பா, உனக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டாள். "இருபது வருசமா ஸ்டியரிங்கப் புடிச்சிகினு கீறேன், தெரியாதா இன்னா?" என்றவர், சட்டை மாட்டிக்கொண்டே, "அந்த மூணு புள்ளி ஆறு இன்னா?" என்று கேட்டார். வேன் அன்று பத்து நிமிடம் தாமதம். வீட்டுப்பாடம் யூனிபார்ம் போட்டவர்களுக்கு என்று அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பாறைக் கணக்கில்தான் கவியா விழுந்தாள். சரிவு முப்பது டிகிரி என்று வைத்துக்கொண்டால் உராய்வுக் கெழு 1.73 வேண்டும் என்று அவளுக்கு வந்தது. எனக்கும் அதேதான் வந்தது. இரண்டு பேருக்கும் வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே விடை வந்த வகுப்பில் படிக்கிறவள் இல்லையா? செவ்வாய் முழுக்க நோட்டோடு அலைந்தாள். பஸ்ஸில் போட்டாள், கடையில் போட்டாள், தட்டில் சாம்பாரில் போட்டாள். புதன்கிழமை காலை பரீட்சை அட்டையை மடியில் வைத்து, அதன் மேல் ரப்பரை வைத்து, மெதுவாக ஒரு பக்கம் தூக்கினாள். ரப்பர் நின்றது, நின்றது, பிறகு சறுக்கியது. அட்டையை மட்டமாக இறக்கினாள். ரப்பர் சும்மா உட்கார்ந்திருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் தோசையைத் திருப்பப் போய்விட்டு வருவதற்குள், "அம்மா, சைனும் காஸும் எடம் மாத்திப் போட்டுட்டோம்!" என்று குரல் வந்தது. தோசை கருகியதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவள் முகத்தில் நான் அன்று பார்த்தது, அந்த ஆறாவது வாளி.

வெள்ளிக்கிழமை அவள் தன் தாளோடு என் தாளையும் கொண்டுபோய்ச் சாரிடம் கொடுத்துவிட்டாள். நான் வெட்கத்தில் செத்தேன். ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழ் பாதி அச்சாகியிருக்கிறது, மறுபக்கம் நான் போட்ட கணக்கு. மாலையில் திரும்பி வந்தது. ஆறில் நான்கு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் சிவப்பில் வட்டம் போட்டு, அடியில் எழுதியிருந்தார்: "நான்கும் நான்கு விதமான தப்பு. மிக நன்று. தொடர்ந்து அனுப்பவும்." எழுபத்தெட்டு மார்க் வாங்கியபோது எனக்கு வராத சந்தோஷம் அந்த நான்கு வட்டத்தில் வந்தது. என் கணக்கை ஒருவர் திருத்தியிருக்கிறார் என்றால், நான்தான் போட்டேன் என்பதை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது முந்தாநாள் நடந்தது. ஷாரோன்தான் வந்து சொன்னாள், அவள் வாயாலேயே கேள்.

"ஆன்ட்டி, நான் ஈஸியா ஒண்ணு எட்த்து தப்பிச்சிட்டேன். கவியாவுக்குப் பாறை வந்துச்சி. கடகடன்னு எயுதறா, எயுதறா, கடசில பாத்தா 1.73! பின்னாடி பசங்க 'ஐயோ'ன்றாங்க. இவ சாக்பீஸ கையில வெச்சிகினு அப்டியே நிக்கறா. அப்பறம் திரும்பி, 'சார், இது தப்பு. இந்தத் தப்ப நான் வூட்லயும் பண்ணேன்'னா. எப்டித் தெரியும்னு சார் கேட்டாரு. 'இந்த விடைப்படி பாத்தா சரிவு குறையக் குறைய உராய்வு அதிகமா வேணும். தரை மட்டமா இருந்தா எவ்ளோ இருந்தாலும் பத்தாது. அப்டின்னா நம்ம டெஸ்க்கு பெஞ்சு எல்லாம் இந்நேரம் சறுக்கி வெளிய போயிருக்கணும் சார்'னா. கிளாஸே சிரிச்சிருச்சி. அயிச்சிட்டு சரியாப் போட்டா. 0.58."

சார் விடவில்லையாம். "பாதுகாப்புக் காரணி சேர்க்கலையாம்மா?" என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். அதற்கு உன் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? "பாறைக்குச் சேக்கலாம் சார், உராய்வு அதிகமா இருந்தா நல்லதுதான். ஆனா கல்லு வுழற நேரத்துக்கு எங்க மாமா கூட்டனது தப்பு. கீழ நிக்கறவன் நாலு விநாடி கீதேன்னு நம்பி நின்னா, மூணுகூட ஆவறதுக்குள்ள மண்ட உடையும். அங்க பாதுகாப்புன்னா குறைக்கணும், கூட்டக் கூடாது" என்றாளாம். சார் கைதட்டினாராம், அண்ணா. வகுப்பு முழுக்கக் கைதட்டியதாம். முப்பது வருட அனுபவஸ்தன் நீ. உன் கணக்கில் உன் மருமகள் தப்புக் கண்டுபிடித்துவிட்டாள். இதைவிடப் பெரிய முறை எந்தத் தாய்மாமனுக்கு யார் செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து, "அப்பா, பி.காம். வாணாம்பா" என்றாள். அவர், "நான் எப்போ பி.காம்.னு சொன்னேன்?" என்றார்.

ஆகவேதான் இந்தக் கடிதம். வீட்டுப்பாடம் எதற்கு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. வீட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு தப்பைச் செய்து, அதோடு இரண்டு நாள் குடித்தனம் நடத்தியவளுக்குத்தான், கரும்பலகையில் அந்தத் தப்பு வந்து நிற்கும்போது முகம் அடையாளம் தெரிகிறது. நீ போட்டுக் கொடுத்த சரியான விடையில் அவளுக்குத் தெரிந்த முகம் எதுவும் இல்லை. நீ கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. உன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் அவளுக்கு விட்டுவை என்றுதான் கேட்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கு. ஆனால் விடை வேண்டாம், வழி வேண்டாம், முதல் வரி வேண்டாம். சரியா தப்பா என்று கேட்டால்கூட வாயைத் திறக்காதே. ஆமாம் என்பதும் உதவிதான், இல்லை என்பதும் உதவிதான். இதை அண்ணியிடம் படித்துக் காட்டி, அனுமதி வாங்கிக்கொள்.

அண்ணியின் முழங்காலுக்கும் உன் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதே நடக்கட்டும். இங்கே இவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கவியாவின் வணக்கங்கள். அவள் உள்ளே, சார் இந்தத் தடவை முந்தாநாளே கொடுத்துவிட்ட இந்த வாரக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் வர மாட்டாள். உங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் நிறைந்திருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உன் அன்புத் தங்கை,
பிரபா.

பின்குறிப்பு: இந்த வாரத்து ஐந்தாவது கணக்கு. மாமல்லபுரத்துக் கடலில் ஒரு படகு அலையில் அரை மீட்டர் மேலே, அரை மீட்டர் கீழே போய் வருகிறது. படகுத் தரையில் இருக்கிற ஐஸ் பெட்டி எம்பாமல் இருக்க, ஒரு முறை ஏறி இறங்கக் குறைந்தது எத்தனை விநாடி ஆக வேண்டும்? எனக்கு 0.23 விநாடி வருகிறது. கடல் அந்த வேகத்தில் நடுங்கினால் ஐஸ் பெட்டி என்ன, ஊரே எம்பிவிடும், ஆகவே தப்பு என்று தெரிகிறது. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. மூன்று நாளாகப் பார்க்கிறேன். கவியா முடித்துவிட்டாள், கேட்டால் தாளைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். நீ விடை சொல்ல வேண்டாம். முதல் வரி மட்டும் சொன்னால் போதும். முதல் வரி எனக்கே தெரியும், இரண்டாவது வரியைச் சொல். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு எப்படிப் போவது என்பதும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. சரி, முழுவதுமாகவே போட்டு அனுப்பிவிடு. தபால் வேண்டாம், லேட்டாகும். என் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. சார் வெள்ளிக்கிழமை வாங்குகிறார்.